கம்ப்யூட்டர் படிக்கப் போன பிள்ளைக்கு எதற்கு அமெரிக்க வரலாறு?

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிப்பவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சந்திக்கும் அமெரிக்க வரலாற்று அறிமுகப் பாடம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். பெற்றோர் கேட்டவையும் உண்டு, மாணவர்கள் கேட்டவையும் உண்டு.

கேள்வி: மகன் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறான். வரலாறு இரண்டு பாடம் கட்டாயம் என்று பட்டியலில் இருக்கிறது. இதற்கும் சேர்த்து ஃபீஸ் கட்ட வேண்டுமா? தவிர்க்க வழி இல்லையா? (வாசகி, கோவை)

பதில்: கட்டத்தான் வேண்டும். இது பல்கலைக்கழகம் தானாக வைத்த விதி அல்ல, மாநிலச் சட்டம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். அதாவது மூன்று கிரெடிட் வீதம் இரண்டு பாடங்கள். மாநிலப் பொது எண்கள் ஹிஸ்ட் 1301, ஹிஸ்ட் 1302. சில பல்கலைக்கழகங்கள் சொந்த எண் வைத்திருக்கும், பாடம் அதேதான். விரும்பினால் 6-இல் 3 கிரெடிட்டை டெக்சாஸ் மாநில வரலாறாக எடுத்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவின் அரசுக் கல்லூரிகளிலும் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் இதே போன்ற கட்டாயம் வேறு வடிவில் உண்டு. பல மாநிலங்களில் இது பொதுக்கல்விப் பட்டியலில் உள்ள பல பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான். மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

செலவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு ஏ.பி. (பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) அமெரிக்க வரலாறு எழுதியிருந்தால் கிரெடிட் கிடைக்கலாம். மொத்தம் 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினா, 3 சிறுவினா, 7 ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் ஒரு கட்டுரை, தனியாக இன்னொரு கட்டுரை. 5-க்கு 3 வாங்கினால் ஏற்கும் கல்லூரிகள் இருக்கின்றன, 4 அல்லது 5 கேட்பவையும் இருக்கின்றன.

இரண்டாவது வழி, வகுப்பில் சேராமல் தேர்வு மட்டும் எழுதி கிரெடிட் வாங்கும் க்ளெப். 90 நிமிடத்தில் 120 கொள்குறி வினா, கட்டுரை கிடையாது. 20 முதல் 80 வரையிலான மதிப்பெண் அளவில் 50 வாங்கினால் தேர்ச்சி என்பது பொதுவான பரிந்துரை. வரலாற்றின் முதல் பாதிக்கு ஒரு தேர்வு, இரண்டாம் பாதிக்கு ஒரு தேர்வு. இதை எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) எடுத்து கிரெடிட்டை மாற்றிக்கொள்வது. பெரும்பாலும் ஃபீஸ் குறைவு. இதற்கும் முன் அனுமதி வாங்கிவிட வேண்டும்.

எங்கள் அபிப்பிராயம்: பிள்ளை ஆங்கிலத்தில் நாலு பக்கம் தொடர்ந்து எழுதிப் பழகாதவர் என்றால் க்ளெப் பக்கம் போகாமல் வகுப்பிலேயே உட்காரட்டும். எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கும் பாடங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸில் அதிகம் கிடைக்காது.

கேள்வி: முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரிப்பது எந்த ஆண்டில்? இரண்டாம் பாதியை முதலில் எடுத்தால் புரியுமா? (வாசகர், டாலஸ்)

பதில்: பெரும்பாலான கல்லூரிகளில் எல்லைக்கோடு 1877. சில இடங்களில் 1865. உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல். தோற்ற தென் மாநிலங்களை மத்திய அரசு தன் மேற்பார்வையில் வைத்து, விடுதலையான கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கொடுத்துப் பார்த்த காலம் அதன் பிறகு வந்தது. 1876 அதிபர் தேர்தல் முடிவு தகராறில் சிக்கி, ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் அதிபரானதும், தெற்கில் கடைசியாக நின்ற குடியரசுக் கட்சி அரசுகளுக்குக் காவலாக இருந்த ராணுவம் விலகிக்கொண்டது. அந்த அரசுகளும் விழுந்தன. அதனால்தான் 1877.

முதல் பாதி பூர்வகுடிகளில் தொடங்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுன் வந்துவிடும், 1619-இல் வர்ஜீனியாவில் வந்திறங்கிய ஆப்பிரிக்கர்கள் வந்துவிடுவார்கள். ஐந்தாறு வாரத்தில் 1776. முதல் தேர்வு பெரும்பாலும் அரசியல் சட்டம் எழுதிய 1787-ஐ ஒட்டி முடியும். பிறகு மேற்கு நோக்கிய விரிவு, பஞ்சு, அடிமை முறை, செரோக்கி பூர்வகுடி மக்களை நிலத்தைவிட்டு விரட்டியது, மெக்சிகோ போர், கடைசி மூன்று நான்கு வாரம் உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவும்.

இந்திய மாணவர்கள் ஏமாறுவது 1600-களில். 'இது பழங்கதை, சுதந்திரப் போரிலிருந்து படித்தால் போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வர்ஜீனியா ஏன் வெள்ளை ஒப்பந்தக் கூலிகளை விட்டுவிட்டு ஆப்பிரிக்க அடிமைகள் பக்கம் திரும்பியது, 1676-இல் வர்ஜீனியா கவர்னரை எதிர்த்து நடந்த பேக்கன் கலகத்துக்கு அதில் என்ன பங்கு, 1705-இல் வர்ஜீனியா போட்ட அடிமைச் சட்டம் எதை இறுக்கிக் கட்டியது ஆகியவை பேராசிரியர்களுக்கு மிகவும் பிடித்த கேள்விகள். முதல் தேர்விலேயே வரும்.

இரண்டாம் பாதியில் ரயில், எஃகு, தொழிற்சங்கம், குடியேற்றம், இரண்டு உலகப் போர்கள், 1929 பொருளாதாரச் சரிவு, ரூஸ்வெல்ட்டின் புது ஒப்பந்தத் திட்டங்கள், பனிப்போர், கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம், வியட்நாம். அதிபர் நிக்சனை வீழ்த்திய வாட்டர்கேட் ஊழலுக்கு வரும்போதே செமஸ்டர் முடியப்போகும். 1980-க்குப் பிந்தையவை பல வகுப்புகளில் அவசர அவசரமாக ஓடும்.

இரண்டாம் பாதியை முதலில் எடுக்கப் பெரும்பாலான கல்லூரிகள் அனுமதிக்கின்றன, புரியவும் செய்யும். ஆனால் வகுப்பு தொடங்கும் முன் அரசியல் சட்டத்தின் 13, 14, 15-ஆம் திருத்தங்களைக் கரைத்துக் குடித்துவிடுங்கள். 1865-இன் 13 அடிமை முறையை ஒழித்தது. 1868-இன் 14 பிறப்பால் குடியுரிமையும் சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பும் தந்தது. 1870-இன் 15, இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கத் தடை போட்டது. இனப் பிரிவினை செல்லும் என்ற 1896 பிளெசி தீர்ப்பு, பள்ளிகளில் அது செல்லாது என்ற 1954 பிரௌன் தீர்ப்பு, 1965 வாக்குரிமைச் சட்டம் எல்லாம் இந்த மூன்றின் தொடர்ச்சி. மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பி எழுதுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை.

கேள்வி: மிட்டெர்மில் 'ஐ.டி.' (ஐடென்டிஃபிகேஷன், ஒரு பெயரையோ நிகழ்ச்சியையோ சில வரிகளில் விளக்குவது) என்று ஒரு பகுதி. ட்ரெட் ஸ்காட் தீர்ப்புக்கு நான் எழுதியது இது: '1857-இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. கறுப்பின மக்கள் குடிமக்கள் அல்ல என்று சொன்னது. ட்ரெட் ஸ்காட் தோற்றார். இது மிக முக்கியமான தீர்ப்பு.' 10-க்கு 4 போட்டிருக்கிறார்கள். எதுவும் தப்பில்லையே? (மாணவி, அட்லாண்டா)

பதில்: தப்பில்லை. அதற்குத்தான் அந்த 4. ஐ.டி. கேள்வியில் யார், என்ன, எங்கே, எப்போது என்பதற்குப் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி 'அதனால் என்ன ஆயிற்று' என்பதற்கு. 'மிக முக்கியமான தீர்ப்பு' என்ற வரிக்கு ஒரு மதிப்பெண்கூட விழாது. எந்தத் தீர்ப்புக்கும் அதை எழுதலாம் அல்லவா?

உங்கள் விடையை இப்படி நிரப்பிப் பாருங்கள். ட்ரெட் ஸ்காட் மிசௌரியைச் சேர்ந்த அடிமை. உரிமையாளரான ராணுவ மருத்துவரோடு, அடிமை முறை தடை செய்யப்பட்ட இல்லினாயிலும் விஸ்கான்சின் டெரிட்டரியிலும் (டெரிட்டரி என்பது இன்னும் மாநிலமாகாத பகுதி) வாழ்ந்தவர். அதைக் காட்டி விடுதலை கேட்டு 1846-இல் வழக்குப் போட்டார். 1857 மார்ச்சில் தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதிய தீர்ப்பு 7-க்கு 2 என்ற கணக்கில் வந்தது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல, ஆகவே வழக்குப் போடவே உரிமையில்லை என்பது ஒரு பகுதி. டெரிட்டரிகளில் அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை, ஆகவே 1820-இன் மிசௌரி சமரசம் செல்லாது என்பது இன்னொரு பகுதி. நீங்கள் விட்டுவிட்டது இந்த இரண்டாவது பகுதியை. நாட்டைக் கொதிக்க வைத்ததும் இதுதான்.

இனி விளைவு. அடிமை முறை டெரிட்டரிகளுக்குப் பரவக் கூடாது என்பதற்காகவே தோன்றிய கட்சி குடியரசுக் கட்சி. அதன் அடிப்படைக் கோரிக்கையே சட்டவிரோதம் என்று இந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. 'டெரிட்டரி மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஜனநாயகக் கட்சியின் ஸ்டீஃபன் டக்ளசின் நடுவழிக்கும் இடமில்லாமல் போயிற்று. 1858 விவாதங்களில் லிங்கன் அவரை மடக்கியது இந்த இடத்தில்தான். 1860-இல் ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று உடைந்தது, லிங்கன் வென்றார். குடியுரிமை பற்றிய பகுதியைப் பின்னால் 14-ஆம் திருத்தம் ரத்து செய்தது.

இவ்வளவையும் தேர்வில் எழுத முடியாது. ஆறேழு வரி, ஐந்து நிமிடம், விளைவில் இரண்டு குறிப்பான செய்திகள். அது போதும். தயாராகும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை போட்டு, பின்பக்கத்தில் 'இதற்கு முன் என்ன, இதற்குப் பின் என்ன' என்று இரண்டே வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாடம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

கேள்வி: 'உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையா, மாநில உரிமையா?' என்று ஆவணக் கட்டுரை. இரண்டு பக்க வாதத்தையும் எழுதி, 'இரண்டுமே காரணம்' என்று முடித்தேன். கிடைத்த கிரேடு சி ப்ளஸ். நடுநிலை தப்பா? (மாணவர், நியூ ஜெர்சி)

பதில்: நடுநிலை தப்பில்லை. கையில் இருக்கும் ஆவணங்களைப் பார்க்காமல் நடுநிலை எடுத்ததுதான் தப்பு. கட்டுரை எழுதும் முன் ஒவ்வொரு ஆவணத்திடமும் நாலு கேள்வி கேட்க வேண்டும். யார் எழுதியது, எப்போது, யாருக்கு, எதற்காக.

இந்தத் தலைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். தென் கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்தபோது அதற்கான காரணங்களை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அதில் பெரிய புகார் எது? தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் மத்தியச் சட்டத்தை வட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் முடக்குகின்றன என்பது. அதாவது, மாநில உரிமையைப் பயன்படுத்தியது வடக்கு. அதை எதிர்த்துப் புகார் சொன்னது தெற்கு. 1861 ஜனவரியில் வந்த மிசிசிப்பி அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

அடுத்தது அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், பிரிந்துபோன தெற்கு அரசின் துணை அதிபர். 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவானாவில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். அதே ஸ்டீஃபன்ஸ் போரில் தோற்ற பிறகு எழுதிய புத்தகத்தில், பிரச்சினை மத்திய அரசின் அதிகாரம் பற்றியது என்று வாதிடுகிறார். உங்கள் ஆவணத் தொகுப்பில் இரண்டும் இருந்தால் பேராசிரியர் காரணமாகத்தான் வைத்திருக்கிறார். போருக்கு முன் ஆதரவாளர் கூட்டத்தில் பேசியதற்கும், அடிமை முறை ஒழிந்த பிறகு பெயரைக் காப்பாற்ற எழுதியதற்கும் ஒரே எடை கொடுக்க முடியுமா? தேதியைப் பார்த்திருந்தால் கட்டுரையின் மையமே அங்கே கிடைத்திருக்கும்.

ஆய்வுக் கூற்று, அதாவது முதல் பத்தியின் கடைசி வரி, எதிராளி மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'போருக்குப் பல காரணங்கள் உண்டு' என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் அது கூற்றே அல்ல. இப்படி எழுதலாம்: 'பிரிந்துபோன மாநிலங்கள் மாநில உரிமையை அடிமை முறையைக் காக்கும் கருவியாகவே பயன்படுத்தின. அந்த உரிமையை வடக்கு பயன்படுத்தியபோது அவை எதிர்த்தன. மாநில உரிமையே நோக்கம் என்ற விளக்கம் வலுப்பெற்றது தோல்விக்குப் பிறகு.' பிறகு ஒரு பத்திக்கு ஒரு வாதம், ஒவ்வொன்றுக்கும் ஆவணத்திலிருந்து ஒரு சின்ன மேற்கோள். மேற்கோள் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். மேற்கோளை வைத்துவிட்டு அப்படியே அடுத்த பத்திக்குத் தாவுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். அது உங்கள் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று. வடக்கு முழுவதும் அடிமை ஒழிப்புக்காகப் போருக்குப் போனது என்று எழுதிவிடாதீர்கள். லிங்கன் முதலில் சொன்னது ஒன்றியத்தைக் காப்பது பற்றி. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனமும் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாண்ட், மிசௌரி, டெலவேர் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு படிக்க வேண்டும்? புத்தகம் விலை அதிகமாக இருக்கிறதே? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: மூன்று கிரெடிட் பாடத்துக்கு வகுப்பு மூன்று மணி, வெளியே ஆறு மணி என்பது கணக்கு. வாரம் ஓர் அத்தியாயம், கூடவே இரண்டு மூன்று மூல ஆவணங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலபஸ் வரும் வரை புத்தகம் வாங்காதீர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தரும் அமெரிக்க வரலாற்றுப் பாடநூல் முழுவதும் இலவசம். 32 அத்தியாயங்களில் முதல் 16 முதல் செமஸ்டருக்கு. 'தி அமெரிக்கன் யாப்' என்பதும் இணையத்தில் இலவசம், அதில் முதல் 15. அதோடு மூல ஆவணத் தொகுப்பும் சேர்ந்தே வருகிறது. பேராசிரியர் வேறு புத்தகம் சொல்லியிருந்தாலும் பழைய பதிப்பு போதுமா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் போதும். ஆனால் வினாடி வினாவுக்கான ஆன்லைன் நுழைவுக் குறியீடு புத்தகத்தோடு சேர்த்து விற்கப்பட்டால் பழையதை வாங்கிப் பயனில்லை.

அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டாம். முன்னுரை, உள்தலைப்புகள், கடைசிப் பத்தி, பிறகுதான் உள்ளே. விரிவுரை ஸ்லைடில் இருக்கும் பெயர்களில் தேர்வுக்கு வருபவை அதிகம். புத்தகத்தில் மட்டும் இருக்கும் பெயர்களில் வருபவை குறைவு.

கேள்வி: புத்தகத்து வரிகளை மனப்பாடம் செய்து எழுதினேன், காப்பி என்கிறார்கள். ஏ.ஐ. வைத்து ஆங்கிலத்தைத் திருத்தலாமா? (மாணவர், ஃபீனிக்ஸ்)

பதில்: வீட்டில் எழுதும் கட்டுரையில் புத்தகத்து வரி மேற்கோள் குறியோ அடிக்குறிப்போ இல்லாமல் வந்தால் அது திருட்டுதான். மனப்பாடமாக எழுதினாலும் அதே கதி. டர்னிட்டின் போன்ற மென்பொருள் வரியைக் காட்டிக்கொடுத்துவிடும். நாலைந்து சொல்லை மட்டும் மாற்றி எழுதுவதும் இதில் அடங்கும். படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு பக்க எண்ணைக் குறியுங்கள். வரலாற்றுத் துறையில் பெரும்பாலும் கேட்பது சிகாகோ முறை அடிக்குறிப்பு.

ஏ.ஐ. விஷயத்தில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு விதி, அது சிலபஸில் இருக்கும். இலக்கணத் திருத்தம்கூடக் கூடாது என்பவர்கள் உண்டு. வரலாற்றில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், ஏ.ஐ. இல்லாத கடிதத்தையும் இல்லாத பக்க எண்ணையும் நம்பும்படி எழுதித் தரும். அடிக்குறிப்பைத் தேடிப் பார்ப்பவர் பேராசிரியர். கட்டுரையைப் பழைய நகல்கள் தானாகச் சேமிக்கப்படும் இடத்தில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

கேள்வி: இந்தப் பாடத்தில் நம் ஊர் எங்காவது தலைகாட்டுமா? (வாசகர், சென்னை)

பதில்: காட்டும், எதிர்பாராத இடங்களில். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. விளைந்தது சீனாவில். 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலப் படையின் தளபதி கார்ன்வாலிஸ், ஐந்து ஆண்டு கழித்து இங்கே கவர்னர் ஜெனரல். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹூ யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர். அவர் கொடுத்த துணி மூட்டைகளும் நூல்களும்தான் அந்தப் பெயரை வாங்கித் தந்தன. மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து இறங்கியதற்காகக் கட்டியது. இவற்றில் தேயிலையும் யார்க்டவுனும் நிச்சயம் வரும். யேலும் பனிக்கட்டியும் பேராசிரியரின் ரசனையைப் பொறுத்தது.

தேர்வுக்கு வருவது இரண்டாம் பாதியில். இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் அந்தத் தடை நீங்கியது, ஆனால் ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு. நாட்டுவாரி ஒதுக்கீட்டை 1965 குடியேற்றச் சட்டம் எடுத்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் இந்தியக் குடியேற்றம் வளர்ந்தது. இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரே பதிலில் கோர்க்கத் தெரிந்தால் குடியேற்றம் பற்றிய கட்டுரைக்கு நல்ல முதுகெலும்பு கிடைக்கும்.

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். வரலாறு தேறாது போலிருக்கிறது, கைவிட்டுவிட்டு ஆன்லைனில் எடுக்கலாமா? (மாணவி, டாம்பா)

பதில்: கைவிட்ட பிறகு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசா நிலைக்கே ஆபத்து. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் பாடத்தைக் கைவிடும் 'டபிள்யூ' பொத்தானை அழுத்தாதீர்கள். முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம், மூன்று கிரெடிட் வரைதான் சேரும். எட்டு வாரச் சுருக்க வகுப்பு சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே பாடம், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். முதலில் பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) திருத்திய விடைத்தாளோடு போய், எங்கே மதிப்பெண் போனது என்று கேளுங்கள். இறுதித் தேர்வு எத்தனை சதவீதம் என்று சிலபஸில் பார்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் தேர்வில் தடுமாறி, ஐ.டி. எழுதும் விதம் பிடிபட்டதும் கரையேறுகிறவர்கள் நிறைய.

கேள்வி: தேர்வுக்கு 'ப்ளூ புக்' கொண்டு வா என்கிறார்கள். அது என்ன புத்தகம்? (வாசகர், ஆஸ்டின்)

பதில்: புத்தகம் இல்லை, நீல அட்டை போட்ட வெற்று விடைத்தாள் நோட்டு. கல்லூரிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேர்வுக்கு முன் உள்ளே எதுவும் எழுத வேண்டாம். சில பேராசிரியர்கள் முன்கூட்டியே வாங்கி, கலைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பேனாவால் எழுதுங்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி. பாதியில் ஞாபகம் வருவதை இடையில் சேர்க்க இடம் வேண்டும்.